கணக்கில் வராத கை

1. ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு, எங்கள் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மூன்றாம் இலக்கப் பிரஸ்ஸில் அண்ணையின் வலது கை அகப்பட்டது.

2. ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டுப்போட்டு மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் எலும்பு உடைந்திருந்தது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் நசுங்கியிருந்தன.

3. வேலைக்குப் போகக்கூடாது, கிழமையில் பல நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து விரல்களுக்குப் பயிற்சி செய்யவேண்டும், செய்யாவிட்டால் நாண்கள் ஒட்டிப்போய் விரல்கள் மடங்காமல் நின்றுவிடும் என்று வைத்தியர் சொன்னார்.

4. மறுநாள் காலை, அவரை வேலைக்கு ஏற்றிவரத் தொழிற்சாலையின் கார் மெல்பேர்னின் புறநகரான ஸ்பிரிங்வேலில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனது.

5. கார் போனபோது அவர் வீட்டில் இல்லை. வழக்கமான ரயிலைப் பிடித்து, கழுத்தில் டையோடு, டண்டினோங்கில் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார்.

6. சாப்பாட்டு அறையில் அவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள்.

7. ஆகவே புள்ளிவிபரப்படி அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிற்சாலையில் விபத்து எதுவும் நடக்கவில்லை.

ஏழாவதை விளக்கவேண்டியவள் நான். அந்த வேலைக்குத்தான் என்னை வைத்திருந்தார்கள். கொழும்பில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்த எனக்கு, கார் உதிரிப்பாகம் செய்யும் இந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் ஒரு மேசை கிடைத்தது. பிரிவு என்றால் மூன்று பேர்: பாதுகாப்பு மனேஜர், முதலுதவி அறை நர்ஸ், நான். மாதம் ஒருமுறை விபத்து விகிதத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பேன். நடந்த விபத்துகளை எண்ணி, எல்லோரும் வேலை செய்த மணித்தியாலங்களால் வகுத்து, பெரியதோர் எண்ணால் பெருக்கினால் விகிதம் வந்துவிடும். கணக்கு எளிது. எது விபத்து என்பதில்தான் சிக்கல்.

காயம்பட்டவர் குறைந்தது ஒரு முழு ஷிஃப்ட் வேலையை இழந்தால்தான் அது எண்ணப்படும். இரத்தம் எவ்வளவு போனது, எலும்பு உடைந்ததா, யாராவது அலறினார்களா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. மறுநாள் அவர் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் வேலை இழக்கப்படவில்லை. வேலை இழக்கப்படவில்லை என்றால் விபத்து இல்லை.

இந்த விதியைப் படித்துப் புரிந்துகொண்ட யாரோ ஒருவர்தான் காரை அனுப்பும் வழக்கத்தைத் தொடக்கியிருக்கவேண்டும். நான் சேர்ந்தபோதே அது நன்றாக வேர்விட்டிருந்தது. கால் சுளுக்கியவர், முதுகு பிடித்தவர், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர் எல்லோரும் மறுநாள் காரில் வந்து இறங்குவார்கள். சாப்பாட்டு அறையில் பத்திரிகை பார்ப்பார்கள். மணி அடித்ததும் காரில் திரும்பிப்போவார்கள். வாசலில் பெரிய பலகை ஒன்று இருந்தது. விபத்து இல்லாமல் எத்தனை நாள் போயிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். குறித்த எண்ணை எட்டினால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உறைந்த கோழி ஒன்று கொடுப்பார்கள். அண்ணையின் கை நசுங்கியபோது கோழிக்கு இன்னும் மூன்று கிழமைதான் பாக்கி இருந்தது.

அண்ணை எனக்குச் சொந்த அண்ணன் இல்லை. ஸ்பிரிங்வேலில் நான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து ஒரு தெரு தள்ளி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், தலைமைக் கிளாக்கராக இருந்தவர். இங்கே கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் உள்ளூர் அனுபவம் இல்லை என்றார்கள். பிரஸ்ஸில் தகடு வைத்து எடுக்க உள்ளூர் அனுபவம் தேவைப்படவில்லை. ஆனாலும் அவர் தினமும் வெள்ளைச் சேட்டும் டையும் அணிந்து ரயிலில் வருவார். தொழிற்சாலையில் அவற்றைக் கழற்றி லொக்கரில் தொங்கவிட்டு நீலச் சட்டையைப் போடுவார். போகும்போது மறுபடி டை.

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் அது இறங்கும். கைகளை உள்ளே விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வேலை வேகமாகப் போகவேண்டும் என்பதற்காக ஒரு பொத்தானில் நெருப்புக்குச்சியைச் செருகி, அமுங்கியபடியே வைத்திருந்தார்கள். எல்லாப் பிரஸ்ஸிலும் அப்படித்தான். வேலையை மேற்பார்வை செய்யும் போர்மனுக்குத் தெரியும். மனேஜருக்கும் தெரியும் என்பது என் எண்ணம். அவர் பிரஸ் பகுதிக்குள் வருவதில்லை என்பதால் நிரூபிக்க முடியாது.

அந்தப் புதன்கிழமை காலை நான் நேரே மனேஜரிடம் போனேன். அவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்திலிருந்து வந்தவர். மரியாதையான மனிதர். தேநீர் வேண்டுமா என்று கேட்காமல் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

"எண்ணத்தான் வேண்டும். கையில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது" என்றேன்.

"ஆனால் அவர் வந்திருக்கிறாரே. நாங்கள் கூப்பிடக்கூட இல்லை. தானாக வந்தார். கார் வெறுமையாகத் திரும்பி வந்தது."

"வேலை செய்ய முடியாது அவரால்."

"வேலைக்கு வருவது வேறு, வேலை செய்வது வேறு. விதி முதலாவதைத்தான் கேட்கிறது." பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். "எங்கள் ஊரில் மூன்று நாளுக்கு மேல் வராமல் இருந்தால்தான் அறிவிக்கவே வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் நாங்கள் இங்கே கடுமையான ஆட்கள்."

இதைச் சொல்லிவிட்டு இன்னொரு வேலையும் தந்தார். சிட்னியில் நடக்கப்போகும் ஒரு கூட்டத்தில் அவர் பேசவிருந்தார். எங்கள் விகிதத்தை இங்கிலாந்து, ஜெர்மனி, சுவீடன் முதலிய நாடுகளோடு ஒப்பிட்டு அட்டவணை வேண்டுமாம். நூலகத்தில் இருந்து அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு சில நாட்கள் உட்கார்ந்தேன். ஒரு நாட்டில் சில நாள் வராமல் இருந்தால்தான் விபத்து. இன்னொன்றில் முதல் நாளிலிருந்தே விபத்து. ஒன்றில் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் விழுந்தாலும் நட்டஈடு உண்டு. ஒன்றில் வாசலைத் தாண்டினால்தான் உண்டு. அண்ணையின் ஒரே கையை ஐரோப்பா முழுதும் ரயிலில் கொண்டுபோனால், ஒரு எல்லையில் அது விபத்தாக இருக்கும், அடுத்த எல்லையில் இராது. இந்த எண்களை ஒரே நிரலில் போடக்கூடாது என்று அட்டவணையின் கீழே தெளிவாகக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன்.

குறிப்புகளை வெட்டிவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார். இடம் போதவில்லையாம். அட்டவணையில் நாங்கள் முதலாவதாக வந்திருந்தோம்.

சாப்பாட்டு அறையில் அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கிக் கட்டியிருந்தது. வேலை எதுவும் இல்லாமல் இருப்பது சரியில்லை என்று அவரே போர்மனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பெட்டி நிறைய ஆணிகளைக் கொண்டுவந்து வைத்து, அளவுவாரியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தவர்கள் அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். பொதி கட்டும் பகுதியில் வேலைசெய்த கிரேக்கப் பெண் ஒருத்தி, தன்னுடைய இனிப்பில் பாதியை அவருக்கு வைத்தாள்.

"நீதான் எங்கள் கோழியைக் காப்பாற்றினவன். உனக்கு இரண்டு கோழி தரவேண்டும்" என்றாள்.

"எனக்கு ஒன்றுகூட வேண்டாம். நான் சைவம்" என்றார் அண்ணை.

"அப்படியென்றால் உன்னுடையதும் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் சிரித்தார். நசுங்கிய கையோடு அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை நான் அவருடைய ரயிலிலேயே போனேன். என் வேலை அவருடையதைவிடப் பிந்தித்தான் தொடங்கும். ஆனாலும் அவரோடு பேசவேண்டியிருந்தது.

"அண்ணை, இந்த மாநிலத்திலை சட்டம் இருக்கு. டொக்டர் சுகம் எண்டு சொல்லுமட்டும் நீங்கள் வரத்தேவையில்லை. காப்புறுதிக்காரர் கிழமைக்குக் கிழமை தருவினம். ஒருத்தரும் உங்களைக் கேக்கேலாது" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. நர்ஸும் சொன்னவ."

"பிறகேன் வாறியள்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "என்ரை சேவைக்காலத்திலை நான் ஒரு மெடிக்கல் லீவு எடுக்கேல்லை. நெருப்புக்காய்ச்சலோடையும் கந்தோருக்குப் போனனான். ஜீ.ஏ., கச்சேரிக்கே பெரியவர், என்ரை பைலிலை அதைத் தன்ரை கையாலை எழுதினவர்."

"இஞ்சை அந்தப் பைல் இல்லை அண்ணை."

"இஞ்சை இப்பதான் பைல் தொடங்குது. அதுதான் சொல்லுறன்." குரலைத் தாழ்த்தினார். "ஸ்டோர்ஸிலை கிளாக்கர் வேலை ஒண்டு வரப்போகுதாம். மனேஜர் சொன்னவர், வரவு ஒழுங்கா இருக்கிற ஆக்களைத்தான் பாப்பினமெண்டு. இப்ப லீவிலை படுத்தா என்ன நினைப்பினம்?"

"கிளாக்கர் எதாலை எழுதிறது?"

"விளங்கேல்லை."

"கை மடங்காட்டி பேனை பிடிக்கேலாது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனனீங்களே?"

"அது பத்து மணிக்கு வரச்சொல்லுறாங்கள். பத்து மணிக்குப் போனா அரைநாள் லீவெல்லே."

டண்டினோங் வந்துவிட்டது. அவர் இடது கையால் டையைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினார். அந்த ரயிலில் எங்களைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

கச்சேரியில் லீவு எடுக்காதது ஒரு தகுதி. எங்கள் ஆட்களில் அந்தத் தலைமுறை முழுவதுக்கும் அது தகுதிதான். என் தகப்பனாரும் அப்படியானவரே. இங்கே அதே குணம் காரை அனுப்புகிறவர்களுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது. மற்றவர்களையாவது காரில் ஏற்றவேண்டியிருந்தது. அண்ணைக்குக் காரும் தேவைப்படவில்லை.

நர்ஸ் நெதர்லாந்துக்காரி. ஐம்பது வயது இருக்கும். அண்ணையின் கைக்கட்டை மாற்றிக்கொண்டே திட்டுவார்.

"எங்கள் நாட்டில் இப்போது காயம் வேலையில் வந்ததா, வீட்டில் வந்ததா என்று கேட்பதே இல்லை. முடியாது என்றால் முடியாது, அவ்வளவுதான். இங்கே இந்த மனிதரை ஆணி பொறுக்க வைத்திருக்கிறார்கள்" என்றார் என்னிடம். பிறகு அண்ணையிடம், "நாளைக்கு நீ வந்தால் நான் கதவைப் பூட்டிவிடுவேன்" என்றார்.

"யெஸ் சிஸ்டர்" என்றார் அண்ணை. மறுநாளும் வந்தார்.

இப்படியே இரண்டாவது கிழமையும் போனது. பயிற்சிக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் போனாராம். அன்று அந்தப் பிரிவு பூட்டியிருந்ததாம். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் வீங்கிப் பளபளத்தன. ஞாயிற்றுக்கிழமை நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். அண்ணை பிள்ளைகளோடு கடைக்குப் போயிருந்தார். அக்கா, அதாவது அவருடைய மனைவி, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மனேஜரிடம் சொன்னது, ரயிலில் சொன்னது, வைத்தியர் சொன்னது எல்லாவற்றையும் ஒழுங்காக ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் வெங்காயத்தை முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"எனக்கு அந்த மனுசன் பயிற்சிக்குப் போறதெண்டுதான் சொன்னது."

"போகேல்லை அக்கா."

"சேட்டுப் பொத்தான் நான்தான் பூட்டுறன். சப்பாத்து நான்தான் கட்டுறன். சோறு பிள்ளையள் குழைச்சுக் குடுக்கினம். டையும் நான்தான் கட்டிவிடுறன், தெரியுமே? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வெளிக்கிடுத்திறமாதிரி." கத்தியைக் கழுவி வைத்தார். "டை இல்லாமல் உவர் வாசல் படலையடிக்கும் போகமாட்டார்."

 

திங்கட்கிழமை விடிகாலை என் கதவு தட்டப்பட்டது. அண்ணை சேட்டின் கழுத்துப் பொத்தான் திறந்தபடி, டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உமக்கு இது கட்டத் தெரியுமே?"

"தெரியாது அண்ணை."

"அவ இண்டைக்குக் கட்டமாட்டாவாம். சண்டை ஒண்டுமில்லை. சும்மா கட்டமாட்டாவாம்."

"அப்ப இண்டைக்கு வீட்டிலை நில்லுங்கோ."

"நீரும் அவவும் சேந்துதான் இதைச் செய்யிறியள்."

"ஓம்" என்றேன்.

 கோபமாக இருந்தாரா, வெட்கப்பட்டாரா என்று சொல்ல முடியவில்லை. டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "ரயில் போயிருக்கும்" என்றார். ரயில் போக இன்னும் நேரம் இருந்தது. அவர் வீட்டுப்பக்கம் நடந்தார்.

அன்று ஒன்பது மணிக்குக் கார் போனது. அக்கா கதவைத் திறந்து, அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கதவை மூடிவிட்டார். அன்று மாலை ஒரு முழு ஷிஃப்ட் இழக்கப்பட்டிருந்தது. நான் அதை எண்ணினேன். பலகை பூச்சியத்துக்கு வந்தது. கோழி வரவில்லை. கிரேக்கப் பெண் என்னோடு சில நாள் பேசவில்லை. பிறகு பேசினாள். தன் மைத்துனியின் முதுகைப் பற்றிக் கேட்பதற்காக.

மனேஜர் என்னைக் கூப்பிட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

"இரண்டு கிழமை நன்றாக இருந்தவர் திடீரென்று வரவில்லை. இது பழைய காயமா, புதிய பிரச்சினையா என்று பார்க்கவேண்டும்" என்றார்.

"அவருக்கு இருப்பது ஒரே ஒரு வலது கை" என்றேன். அவர் நாகரிகமாகச் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆனால் காப்புறுதி நிறுவனமும் அதையேதான் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய ஆள் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்தார். பெரிய கைப்பெட்டியோடு, மிகவும் களைத்துப்போன மனிதர். கை அவ்வளவு மோசமாக இருந்திருந்தால் முதல் இரண்டு கிழமையும் அவர் எப்படி வேலைக்கு வந்திருப்பார் என்பது அவருடைய கேள்வி. அண்ணையைப் பெருமையோடு வாசலுக்கு இழுத்துவந்த அதே வரவு இப்போது அவருக்கு எதிரே வந்து நின்றது. நான் சாப்பாட்டு அறையைக் காட்டினேன். கதிரையைக் காட்டினேன். கார் அனுப்பும் வழக்கத்தைச் சொன்னேன்.

"எல்லாத் தொழிற்சாலையிலும் இப்படிக் கதிரை இருக்கிறது. நான் பார்க்காத இடம் இல்லை" என்றார் அவர், சலிப்போடு.

"தெரிந்துகொண்டா கேட்கிறீர்கள்?"

"கேட்பது என் வேலை."

நர்ஸ்தான் விடவில்லை. வேலைநேரத்தில் அனுமதி கேட்காமலே காப்புறுதி வைத்தியரிடம் போய், அந்த இரண்டு கிழமையும் தினமும் கட்டு மாற்றியவள் தானென்றும், ஆணி பிரிப்பதைத் தவிர அந்த மனிதர் எதையும் செய்யவில்லை, செய்யவும் முடியாது என்றும் சொல்லிவிட்டு வந்தார். மனேஜர் அவரையும் கூப்பிட்டுத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நெதர்லாந்தில் கோப்பிதான் குடிப்போம் என்றாராம். அண்ணையின் நட்டஈட்டுக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அதற்குள் மாதங்கள் போய்விட்டன.

ஸ்டோர்ஸ் வேலைக்கு அண்ணையும் விண்ணப்பித்தார். வரவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இருப்பு அட்டைகளைக் கையால் எழுதவேண்டும் என்று சொல்லி, ஒரு அட்டையைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னார்கள். முதல் வரியை முடிக்க அவருக்கு வெகு நேரம் எடுத்தது. எழுத்து கோணியிருந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. அன்று மாலை ரயிலில் அவர் என்னோடு கதைத்தது வானிலையைப் பற்றி மட்டும்.

இது நடந்து இரண்டு ஆண்டாகிறது. இன்றைய நிலை:

மூன்றாம் இலக்கப் பிரஸ்ஸுக்கு முன்னால் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். மற்றவற்றுக்கு இன்னும் போடவில்லை. மறுநாள் வந்தும் தன் சொந்த வேலையைச் செய்ய முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று மாத அறிக்கையில் நான் ஒரு வரி சேர்க்கிறேன். மனேஜர் அதை ஒவ்வொரு மாதமும் வெட்டுகிறார். நான் அடுத்த மாதமும் சேர்க்கிறேன். காரும் போய்வருகிறது.

அண்ணை இப்போது வாசலில் காவல் கூண்டில் இருக்கிறார். வருகிறவர்களின் பெயரை இடது கையால் எழுதுகிறார். வலது கையில் நடுவிரல் பாதிவரை மடங்குகிறது, சுட்டுவிரல் மடங்குவதில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார். இனி மாற்றம் இருக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.